சித்தப்பா எஞ்சினும் கண் சிமிட்டும் ரேடியோவும்

டக்-டக்-டக்-டக்-டக்.

ஸ்பீக்கருக்குள் உட்கார்ந்து யாரோ தகரத்தைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். அந்தத் தட்டலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல். என்ன சொல்கிறது, எந்த மொழியில் சொல்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

வில்லாபுரத்தில் என் நண்பன் ரெங்காராம் வீட்டுப் பின்கட்டு அறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜன்னல் வழியாக வெயிலும் சாயத்தண்ணீர் வாடையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. மேஜை மேல் நாங்கள் இரண்டு பேரும் கையால் கட்டிய ரேடியோ. அதன் ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்தபடி ரெங்காராமின் அம்மா பத்மாவதியம்மா.

அடியில் கேட்ட அந்தக் குரல் அவர்களுடைய மூத்த மகன் சேதுராமுடையது. ஆப்பிரிக்காவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் மின்சார இன்ஜினியர். அம்மா அவன் குரலைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

ரெங்காராம் வியர்வை வழிய டயலை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். குரல் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, காணாமல் போனது. பின்னால் கிணற்றடியில் ஓடுகிற எஞ்சினின் டக்-டக் மட்டும் மிச்சம்.

பத்மாவதியம்மா காதை எடுத்தார்கள். சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்கள்:

"எஞ்சின் நல்லா இருக்குப்பா சோலை. அது சௌக்கியமா ஓடுறது தெரிஞ்சு போச்சு. என் மகன் எப்படி இருக்கான்னு எப்பக் கேக்கலாம்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கை அவன் கை இல்லை

எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். அமெச்சூர் ரேடியோ என்றால் மதுரையில் பாதிப் பேர் வானொலிப் பெட்டியில் பாட்டுக் கேட்பது என்று நினைத்த காலம். அது வேறு. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக நிலையம் கட்டி, உலகத்தில் அதே மாதிரி லைசென்ஸ் வைத்திருக்கிற இன்னொருவரோடு ஆகாயத்தில் பேசுவது. லைசென்ஸ் உள்ளவர்தான் மைக்கில் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சேதுராமும் ரெங்காராமும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மோர்ஸ் தந்திக் குறி தட்டப் பழகியவர்கள். அண்ணன் ஆப்பிரிக்கா போன பிறகு அங்கேயும் ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டான், ஆனால் அதுவரை இருவரும் மோர்ஸில்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் சுரங்கத்தில் அவனுக்கு ஒரு விபத்து. வலது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. கடிதம் டைப் அடித்து, இங்கிலீஷில் வந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"அவன் எழுதினா எழுத்து சாஞ்சு சாஞ்சு வரும். இது என்னமோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி நேரா நிக்குது. இதை அவனா அனுப்பினான்?" என்றார்கள் பத்மாவதியம்மா.

"கை ஒடிஞ்சிருக்கும்மா. எப்படி எழுதுவான்?"

"கைதான ஒடிஞ்சது? வாய் ஒடியலைல்ல? பேசச் சொல்லு."

டிரங்க் கால் போட்டுப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு லைன் கிடைப்பதற்குள் எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே குடித்தனம் வைக்கலாம் போலிருந்தது. கடைசியில் கிடைத்த ஒரு நாளும் 'ஹலோ'வுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அம்மா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள். எதையோ மறைக்கிறார்கள், மகன் உயிரோடு இல்லை, அல்லது இருந்தும் இல்லாத நிலையில் இருக்கிறான் என்று அவர்களுக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது.

சரி, மோர்ஸில் பேசினால் போகிறது என்று ரெங்காராம் அண்ணனைப் பிடித்தான். மோர்ஸ் எப்பேர்ப்பட்ட இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வரும். செய்தியும் வந்தது. ஆனால் அன்று என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மாப்ள, அம்மாகிட்ட சொல்லிராத. தட்டுற கை அவன் கை இல்ல."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு. தெருவில் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்னார் வருகிறார் என்று சொல்கிறோமே, அப்படி. 'கை' என்றுதான் எங்கள் ஆட்கள் அதைச் சொல்வார்கள். சேதுராமின் கை ரெங்காராமுக்கு அத்துப்படி. இது அதுவல்ல.

"இடது கையால தட்டுறான்டா, அதான்" என்றேன்.

"அப்படித்தான் அவனும் சொல்றான். அதையும் தட்டித்தான சொல்றான்?"

அம்மாவின் சந்தேகம் மகனுக்கும் தொற்றிவிட்டது. இனி குரல் ஒன்றுதான் சாட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை டக்-டக்கில் குரல் முழுகிப்போன பிறகு, மோர்ஸில் ஒரு தகவல் மட்டும் மிச்சம் கிடைத்தது. அடுத்த ஞாயிறு இதே நேரத்துக்கு வருவேன். அதற்குப் பிறகு கை ஆபரேஷனுக்கு வேறு தேசம் கொண்டுபோகிறார்கள், மாதக்கணக்கில் ரேடியோ கிடையாது.

எங்களுக்கு இருந்தது ஒரு வாரம்.

நிறுத்தச் சொல்ல ஆளில்லை

"இதுக்கு எதுக்கு ஒரு வாரம்? எஞ்சினை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னா முடிஞ்சுச்சு" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. என் மனைவி பாண்டியம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

ரெங்காராம் வீட்டில் சாயப்பட்டறைத் தொழில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. சாயப்பட்டறைக்காரர்களுக்கு நூலைச் சாயத்தில் முக்குவதைவிட அலசுவதுதான் பெரிய வேலை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நின்றால் நூல் திட்டுத் திட்டாகிவிடும். பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். அந்தக் கிணறு ரெங்காராம் அப்பாவுக்கும் அவருடைய தம்பி கோவிந்தராமுக்கும் பொது. காலை முறை இவர்களுடையது, மதியத்துக்கு மேல் சித்தப்பாவுடையது. கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாத காலமாதலால் சித்தப்பா ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருந்தார்.

அப்பா இருந்தபோது பங்கு பிரித்ததில் ஏதோ மனஸ்தாபம். ஒரே கிணற்றில் இரண்டு குடும்பமும் இறைத்தது, ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. சித்தப்பா எதிரே வந்தால் பத்மாவதியம்மா ஆகாயத்தைப் பார்ப்பார்கள். மழை வருமா என்று பார்க்கிற மாதிரி.

"நான் போய்க் கேட்கவாம்மா?" என்றான் ரெங்காராம்.

"கேட்டுப் பாரு. கேட்டுட்டு அங்கேயே சோத்தையும் கேளு. இந்த வீட்டுக்கு வராத."

அந்த எஞ்சின் டீசலில் ஓடுகிறதாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. மண்ணெண்ணெய் எஞ்சினில் பிளக் உண்டு. அது ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் கூடவே ஒரு குட்டி மின்னலை ஆகாயத்தில் விடுகிறது. எங்கள் ஏரியல் கம்பியோ அந்த எஞ்சின் கொட்டகைக்கு நேர் மேலே! பிளக் வயரில் சின்னதாக ஒரு ரெசிஸ்டர் வைத்தால் பாதி சரியாகும். அதற்கும் சித்தப்பா எஞ்சினைத் தொட வேண்டுமே.

நிலையத்தை வேறு வீட்டுக்குத் தூக்கவும் முடியாது, லைசென்ஸ் அந்த விலாசத்துக்கு. என் வீட்டிலோ கேட்கிற பெட்டி மட்டும்தான், பேசுகிற பெட்டி கிடையாது. நேரத்தை மாற்றவும் முடியாது. ஆப்பிரிக்கா எங்களுக்கு நன்றாகக் கேட்பது சாயங்காலம் மட்டும்தான். பொழுது அடங்கினால் அதுவும் அடங்கிவிடும்.

இரைச்சலோடு சகவாசம்

இரைச்சல் எனக்குப் புதிதில்லை. தல்லாகுளத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி. நான் பக்கத்திலேயே ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் டைப் மெஷின் சத்தம், சாயங்காலம் ரேடியோவில் ஸ்கூட்டர் சத்தம். தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியும் என் ரேடியோவுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

நான் கல்லூரிக்குப் போனவனில்லை. டவுன் ஹால் ரோட்டில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர்களோடு டீ குடித்துக் குடித்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அங்கே ஒருவர் இருந்தார், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். எந்தப் பெட்டி வந்தாலும் திறந்து பார்ப்பதற்கு முன்னால், "என்னா தம்பி, எங்க வலிக்குது?" என்று பெட்டியையே கேட்பார். அப்படிக் கேட்டுவிட்டுத் திறந்தால் பழுது தானாகக் கண்ணில் படும் என்பார். நானும் இன்றுவரை கேட்கிறேன். பாண்டியம்மா இதைப் பார்த்துவிட்டு, "ரேடியோ உங்ககிட்ட பேசுறதை விட நீங்க அதுகிட்ட பேசுறதுதான் அதிகம்" என்பாள்.

இரைச்சலில் ஜாதிகள் உண்டு. மழைக்காலத்து இடி ஒரு மாதிரி சரசரக்கும். டியூப் லைட்டுச் சோக்கு 'ங்' என்று ரீங்காரம் போடும். கிரைண்டர் மோட்டார், எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கருவேப்பிலை போட்ட மாதிரி. இவையெல்லாம் இடைவெளி இல்லாத இரைச்சல், லேசில் மடங்காது. எஞ்சின் இரைச்சல் அப்படி இல்லை. ஒரு அடி, பிறகு அமைதி, ஒரு அடி, பிறகு அமைதி. அடி பயங்கரமாக இருக்கும். ஆனால் அமைதிதான் அதிக நேரம். இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கண் சிமிட்டினால் இருட்டாகிறதா?

முதலில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. இரண்டு டயோடை வைத்து, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வருகிற சத்தத்தின் தலையைச் சீவி விடுவது. சீவினோம். எஞ்சின் கொஞ்சம் குட்டையாகியது, அவ்வளவுதான். குள்ளமான ஆள் தட்டினாலும் தகரம் தகரம்தானே!

இன்னொரு வழி இருக்கிறது என்று ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். தலையைச் சீவக் கூடாது. அடி விழுகிற அந்தக் கண நேரத்துக்கு ரேடியோவையே ஊமையாக்கிவிட வேண்டும். அடி போனதும் திறந்துவிட வேண்டும். கண நேரம் என்றால் அப்படி இப்படி இல்லை, காது உணரவே முடியாத அளவு.

பத்மாவதியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

"ரேடியோவை மூடி மூடித் திறந்தா அவன் பேசுறது துண்டு துண்டா விழாதா?"

"அம்மா, நீங்க கண்ணைச் சிமிட்டுறீங்கள்ல? அப்ப உலகம் இருட்டாகுதா?"

அவர்கள் இரண்டு தடவை சிமிட்டிப் பார்த்தார்கள். பிறகு மூன்றாவது தடவை, இந்தத் தடவை என்னை முறைத்துக்கொண்டே.

"ஆகலை" என்றார்கள். "அப்ப உன் பெட்டி கண்ணு சிமிட்டப் போகுது. சிமிட்டட்டும் பாப்போம்."

திங்கள் செவ்வாய் புதன் என்று ஆபீஸ் விட்டதும் சாலிடரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்தேன். சின்னதாக ஒரு போர்டு. அதில் அடியைக் கண்டுபிடிக்க ஒரு பகுதி, ரேடியோவை மூடித் திறக்க டயோடுகளால் ஒரு கதவு, 'கேட்டு' என்போம். சோதனைக்கு எங்கள் வக்கீல் ஸ்கூட்டர். "சார், கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க. ஜன்னலுக்குக் கீழ. ஆக்ஸிலேட்டரைத் திருகுங்க சார்." நல்ல மனுஷன். ஏன் என்று கேட்காமல் நின்றார். தெருவில் போனவர்கள்தான் வண்டி விலைக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

போர்டு வேலை செய்தது. கேட்டு மூடியது, திறந்தது. ஆனால் டக்-டக், 'தொப்-தொப்' என்று மாறியதே தவிர ஒழியவில்லை. மூடுகிற நேரத்தைக் கூட்டினால் சத்தம் போனது, பேச்சும் கூடவே போனது.

வியாழக்கிழமை ரெங்காராம் வந்து பார்த்தான். "பெட்டி சிமிட்டலை மாப்ள. தூங்குது" என்றான்.

வாடிப்பட்டி போகிற வழியில்

வெள்ளிக்கிழமை வாடிப்பட்டியில் என் மைத்துனன் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் இல்லாவிட்டாலும் அத்தை புருஷன் தலை தெரிய வேண்டுமாம். பாண்டியம்மா இழுத்துக்கொண்டு போனாள். உடம்பு பஸ்ஸில் இருந்ததே தவிர மனசு போர்டில்தான் இருந்தது.

வழியில் ஒரு ரயில்வே கேட். பஸ் நின்றது. கேட் மூடியிருந்தது, ஆனால் ரயிலைக் காணோம். வெயில் சுட்டெரித்தது. பஸ்ஸில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏண்ணே, ரயிலு இன்னும் திண்டுக்கல்லையே தாண்டலை போல. அதுக்குள்ள பூட்டிட்டாரு!"

"வந்த பிறகா பூட்டுவாங்க? வந்த பிறகு பூட்டினா உன்னையத்தான் பொறுக்கணும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். தலை மேல் கம்பியில் இடித்தது.

வந்த பிறகா பூட்டுவாங்க!

நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ரேடியோவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. பக்கத்து நிலையங்களின் பேச்சை ஒதுக்கி, நமக்கு வேண்டியதை மட்டும் குறுகலான வழியில் விடுவது. அதற்குள் ஊசி மாதிரி நுழைகிற அடி, வெளியே வரும்போது உறிஞ்சுதாளில் விழுந்த மை போல அகலமாக ஊறிவிடும். நானோ கேட்டை அந்த வடிகட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ரயில் வருகிறது என்று தகவல் சொல்கிற மணியையும், அதாவது அடியைக் கண்டுபிடிக்கிற பகுதியையும், அங்கேதான் கட்டியிருந்தேன். ரயில் வந்து, ஊருக்குள் புகுந்து, தெருத் தெருவாகப் பரவின பிறகு நான் கேட் பூட்டிக்கொண்டிருந்தேன்!

கேட்டை முன்னால் கொண்டுபோக வேண்டும். அடி ஊசியாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மணி இன்னும் முன்னாலிருந்து வர வேண்டும்.

"கேட்டைத் தப்பான இடத்துல வச்சிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

கண்டக்டர் திரும்பினார். "அண்ணே, அது வெள்ளைக்காரன் வச்சது. நம்ம இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. உக்காருங்க."

பாண்டியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

காதுகுத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இலையில் விரலால் சர்க்யூட் போட்டுக்கொண்டிருந்தேனாம். சாம்பார்தான் ஏரியல், ரசம் வடிகட்டி என்று மைத்துனன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

ரொம்பச் சிமிட்டுது

ஞாயிற்றுக்கிழமை மதியமே போர்டோடு வில்லாபுரம் போய்விட்டேன். "இவரு மறுபடி எங்கயாவது எந்திரிச்சுக் கத்துவாரு, நானும் வாரேன்" என்று பாண்டியம்மாவும் கூட வந்தாள். ரெங்காராமும் நானும் குனிந்த தலை நிமிராமல் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தோம். வெளியே சித்தப்பா எஞ்சின் வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

போர்டில் ஒரு குமிழ். அதைத் திருகினால் எவ்வளவு சின்ன அடிக்கும் கேட்டு மூட வேண்டும் என்று சொல்லலாம். சுவிட்சைப் போட்டேன். மெல்லத் திருகினேன்.

டக்-டக்-டக்-டக்... டக்... 

நின்றுவிட்டது!

ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் ஓடுகிறது. ஸ்பீக்கரில் இல்லை. மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும், எந்நேரமும் நெரிசலான மாசி வீதி திடீரென்று காலியான மாதிரி. ரெங்காராம் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். நான் சுவிட்சை அணைத்தேன், டக்-டக். போட்டேன், அமைதி. அணைத்தேன், போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி எத்தனை தடவை செய்தேனோ!

பத்மாவதியம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். நல்ல சேலை கட்டியிருந்தார்கள், யாரோ வீட்டுக்கு வருகிற மாதிரி.

நேரம் வந்தது. ரெங்காராம் கூப்பிட்டான். பதில் வந்தது. பலமான, ஸ்பீக்கரே அதிர்கிற மாதிரிப் பலமான சிக்னல். நான் பதற்றத்தில், எஞ்சின் ஒரு பொட்டுகூட வரக்கூடாது என்று குமிழை இன்னும் திருகிவிட்டேன்.

குரல் வந்தது. ஆனால் பற்களுக்கு நடுவே கூழாங்கல் வைத்துப் பேசுவது போல. ஒவ்வொரு வார்த்தையின் கழுத்தும் நெரிந்து, தகரமாக வந்தது.

பத்மாவதியம்மா தலையை ஆட்டினார்கள். இல்லை என்று.

"இது என் மகன் இல்ல."

ரெங்காராம் என்னைப் பார்த்தான். தட்டுகிற கையும் அவன் கை இல்லை, பேசுகிற குரலும் அவன் குரல் இல்லை என்றால்?

எனக்கு உறைத்தது. சிக்னல் பலமாக வந்ததால் என் கேட்டு, சேதுராம் அழுத்திப் பேசுகிற ஒவ்வொரு எழுத்தையும் எஞ்சின் அடி என்று நினைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இருங்க. பெட்டி ரொம்பச் சிமிட்டுது" என்றேன்.

"அப்ப சிமிட்டாதேன்னு சொல்லு!"

குமிழைப் பின்னால் திருகினேன். ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. தூரத்தில் யாரோ விரலால் மேஜையைத் தட்டுகிற மாதிரி எஞ்சின் லேசாக எட்டிப் பார்த்தது. குரலில் சதை பிடிக்க ஆரம்பித்தது.

அம்மா கையை உயர்த்தினார்கள், அப்படியே நிறுத்து என்பது போல. கண்ணை மூடிக்கொண்டார்கள். "அவன் மாதிரிதான் இருக்கு" என்றார்கள். பிறகு, "மாதிரி" என்று மறுபடியும் சொன்னார்கள், அந்த வார்த்தை மட்டும் பிடிக்காதது போல.

அப்போதுதான் எஞ்சின் நின்றது.

ஓட்டச் சொன்ன வாய்

ஸ்பீக்கரில் அல்ல, வெளியே. நிஜ எஞ்சின். மூச்சு விடுவதை நிறுத்தியது போலக் கொட்டகை அமைதியாகிவிட்டது.

அறையில் பாண்டியம்மாவைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிணற்றடியில் சித்தப்பா பக்கத்தில் நிற்கிறாள். முழங்கை வரை சிவப்புச் சாயத்தோடு அவர் இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பிறகு சொன்னாள்: "நான் நிறுத்துங்கன்னே சொல்லலை. 'உங்க அண்ணன் மகன் ஆப்பிரிக்காவுல இருந்து பேசுறாராம், அவுங்க அம்மா ராச்சோறு தின்னு எம்புட்டு நாளாச்சு'ன்னு மட்டும் சொன்னேன். அந்த மனுஷன் ஓடிப் போயி எஞ்சினை அமத்திட்டாரு."

பத்மாவதியம்மா எழுந்தார்கள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. மகன் குரல் ஸ்பீக்கரில் போய்க்கொண்டே இருக்க, விறுவிறுவென்று பின்வாசலுக்குப் போய் நின்று ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள்! அவர்கள் வீட்டு மொழியில்தான் போட்டார்கள். சௌராஷ்டிரம் எனக்குத் தெரியாது. 'எஞ்சின்' என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது.

போச்சு, சண்டை என்று நினைத்தேன். சித்தப்பா எஞ்சின் பக்கம் திரும்பினார். குனிந்தார், கயிற்றைச் சுற்றினார், இழுத்தார். எஞ்சின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"என்னடா சொன்னாங்க?" என்றேன்.

ரெங்காராம் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தான். "'நூலு தண்ணிக்குள்ள கெடக்கு, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எஞ்சினை ஓட்டுங்க, சாயம் திட்டாகிப் போகும், எங்க பெட்டி அதைப் பாத்துக்கும்'னு சொல்லிட்டாங்க மாப்ள." கூடவே, "அப்பா செத்ததுல இருந்து அவருகிட்ட பேசினது இதான் முதல்" என்றான்.

எங்க பெட்டி அதைப் பாத்துக்கும்! லைசென்ஸ் பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை.

பெட்டியும் பார்த்துக்கொண்டது. எஞ்சின் அடிக்க அடிக்க அது சிமிட்டியது. குரல் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மைக்கைப் பார்த்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "பேசிராதீங்கம்மா, லைசென்ஸு போயிரும்" என்றேன். "நான் எதுக்குப் பேசுறேன்? நான் நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள்.

ரெங்காராம் மைக்கை அமுக்கி அண்ணனுக்குச் சிக்னல் எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னான். பின்கதவு திறந்தே கிடந்தது. எஞ்சின் சத்தம் அறைக்குள் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. மைக்கை விட்டான். காத்திருந்தோம்.

அந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது சிரிப்பு. சிரித்துக்கொண்டே, இங்கிலீஷை விட்டுவிட்டு, வீட்டு மொழியில் மளமளவென்று ஏதோ சொன்னான் சேதுராம்.

பத்மாவதியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்து ஓடிப்போனாள் பாண்டியம்மா. அழுகை இல்லை. சிரிப்பு. இரண்டுமாகவும் இருக்கலாம்.

"என்னடா சொல்றான்?" எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் உயிரை விட்டுக் கேட்க வைத்த குரல், எனக்கு மட்டும் புரியவில்லை!

ரெங்காராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "மைக்கு வழியா எஞ்சின் சத்தம் அங்க கேட்டிருக்கு. 'சித்தப்பா எஞ்சினா அது? இன்னும் அந்தப் பழசையே வச்சு ஓட்டுறாரா? நான் ஊருக்கு வந்து எடைக்குப் போட்டாத்தான் விடுவாரா?'ங்குறான்."

டைப் அடித்து எவனாவது கடிதம் எழுதலாம். எவனுடைய கையும் மோர்ஸ் தட்டலாம். ஆனால் அந்த எஞ்சின் யாருடையது என்று ஆப்பிரிக்காவில் வேறு எவனுக்குத் தெரியும்?

"இவன்தான்" என்றார்கள் அம்மா. "இந்தத் திமிரு இவனுக்குத்தான்."

பின்வாசலில் நிழல் விழுந்தது. சித்தப்பா. சாயக் கையைச் சுவரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று ஒரு காலை வைத்து நின்றார். தன் எஞ்சினைப் பற்றிய விமர்சனத்தை முழுசாகக் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எடைக்காம்ல எடைக்கு" என்று தமிழில் என்னிடம் சொன்னார். "வரச் சொல்லுங்க தம்பி அவனை. வந்து தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, அந்தக் கையோட."

பொழுது அடங்கிக்கொண்டு வந்தது. சேதுராமின் குரல் மெல்ல மெல்லத் தூரம் போயிற்று. யாரும் டயலைத் தொடவில்லை. அது முழுக்க மறைந்த பிறகும் நால்வரும், வாசலில் ஐந்தாவது ஆளும், காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். நான் எழுந்து போர்டின் சுவிட்சை அணைத்தேன்.

டக்-டக்-டக்-டக்.

"எஞ்சின் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்பா சோலை, ரேடியோவை அமத்தாத" என்றார்கள் பத்மாவதியம்மா. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு அடுப்படிப் பக்கம் போனவர்கள், அங்கிருந்தே கேட்டார்கள்: "ராத்திரிக்கு எத்தனை பேரு?"

ரெங்காராம் திரும்பி வாசலைப் பார்த்தான்.

"உங்க எஞ்சின் நிக்க எம்புட்டு நேரமாகும் சித்தப்பா?"